நிகமத்தோர் முதல் ஸ்டேடியம் வரை: ‘அம்’ விகுதியின் கதை

இன்னைக்கு ஒரு சின்ன விகுதியைப் பத்திப் பேசப்போறோம்: ‘அம்’.

ஓடு – ஓட்டம், ஆடு – ஆட்டம், தோன்று – தோற்றம். வினையைப் பெயராக்குறது இதோட முக்கியமான வேலை. ஆனா வேற்றுமை உருபு வந்ததும் மகரம் மறைஞ்சு, ‘அத்து’ வந்து உட்காரும்: ஓட்டத்தை, ஓட்டத்தில். தொல்காப்பியம் இந்த ‘அத்து’வைச் சாரியைன்னு சொல்லுது.

‘வனம், தானம் எல்லாம் வடசொல்தானே, அப்போ இந்த ‘அம்’மும் அங்கிருந்து வந்ததா?’ நியாயமான கேள்விதான். பதில் மதுரைக்கு வடகிழக்கே ஒரு பாறையில இருக்கு.

மாங்குளம் பக்கத்துல, மீனாட்சிபுரம் ஓவாமலை. சமண முனிவர்களுக்கான குகைத்தளங்களும் கற்படுக்கைகளும் இருக்கிற இடம். இங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தார். ஐராவதம் மகாதேவன் கணிப்புப்படி காலம் பொ.ஆ.மு. 2-ஆம் நூற்றாண்டு. நெடுஞ்செழியன் பெயர் வர்றதாலதான் இந்த இடத்துக்கு இவ்வளவு புகழ். என்னைக் கேட்டா, அரசனைவிட வியாபாரிகள்தான் இங்கே சுவாரசியம். வெள்ளறை வணிகர் குழுவைக் குறிக்க ‘நிகமதோர்’னு வெட்டியிருக்காங்க. (வெள்ளறை இன்றைய வெள்ளரிப்பட்டி என்பது அறிஞர்கள் கருத்து.) அந்தக் கால எழுத்துமுறையில இரட்டை மெய் பெரும்பாலும் ஒற்றையாத்தான் வரும். அதனால நாம ‘நிகமத்தோர்’னு படிக்கணும்.

‘நிகம’ பிராகிருதம் வழியா வந்த சொல். வடமொழியில அது ஆண்பால். எழுவாயில் ‘நிகமஹ’, ‘அம்’ கிடையாது. இங்கே வந்ததும் அது ‘மரம் – மரத்தோர்’ வரிசையில சேர்ந்துடுச்சு. வடமொழி ‘வனம்’ வேற்றுமையில ‘வனேன’, ‘வனஸ்ய’ன்னு போகும், ‘வனத்து’ன்னு ஒருநாளும் ஆகாது. மலையாளத்துல பாருங்க, ‘மரம் – மரத்தில்’னு நம்ம மாதிரியே. ஒப்பியல் மொழியியலாளர்கள் இந்த மாற்றத்தை மூலத் திராவிடத்துக்கே கொண்டுபோறாங்க. ஆக, சொல் கடன். அது திரியற விதம் நம்மளோடது.

அந்த வேலை இன்னும் நிக்கல. மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆட்டோ பிடிக்கிறவர் ‘ஸ்டேடியத்துக்கு’ன்னுதான் சொல்வார். ‘சிஸ்டத்துல’, ‘ஆல்பத்துல’ எல்லாம் சகஜம். ஆனா ‘எக்ஸாம்’ மட்டும் ‘எக்ஸாத்துக்கு’ ஆகல, ‘எக்ஸாமுக்கு’தான். அங்கே நெடில் ‘ஆம்’ நிக்குது. ‘அத்து’ குறில் ‘அம்’மைத்தான் தேடிப் பிடிக்குது.

அதே மாங்குளம் கல்வெட்டுல ‘காவிதி’ன்னு ஒரு பட்டமும் வருது. அதை அடுத்த எபிசோடில் எடுத்துக்கலாம்.