கடலாய்வும் கைப்பொருளும்: வன்னிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் அமைந்துள்ள உடையார்கட்டு கடற்கரைக் கிராமம் அன்று. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் அது. எனினும் அதன் வடக்கே சுண்டிக்குளம் கடனீரேரியும் தென்கிழக்கே நந்திக்கடலும் உள. கனகராயன் ஆறு, தேறாவில் ஆறு முதலியன வன்னி நிலத்தின் நீரைச் சுமந்துசென்று சுண்டிக்குளத்திற் சேர்க்கின்றன. மாரியில் நன்னீர் பெருகும்போது கடனீரேரியின் உவர்ப்புக் குறைகிறது. கோடையில் நீர் வற்ற உவர்ப்பு ஏறுகிறது. இறாற் குஞ்சுகளின் வரவும் வளர்ச்சியும் இந்த ஏற்றத்தாழ்வோடு பிணைந்தவை. ஆகவே குளத்தின் துருசு திறக்கப்படும் நாளும் கடனீரேரியில் இறால் படும் நாளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையல்ல. உழவனுக்கும் வலைஞனுக்கும் பொதுவான ஒரு நீர்க்கணக்கு இங்குண்டு.

இக்கணக்கை முறையாக ஆராய விரும்பும் ஓர் இளம் பட்டதாரி யாரிடம் பணங் கேட்பது? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வெறும் விண்ணப்பப் படிவம் பற்றிய வினாவாகத் தோன்றும். ஆனால் விண்ணப்பப் படிவமும் ஒரு வரலாற்று ஆவணமே. அதிலுள்ள தலைப்புகளும் கட்டங்களும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காக, யாரோ வகுத்தவை. இலங்கையிற் கடலாய்வுக்குப் பணம் எவ்வாறு வந்தது, எதற்காக வந்தது என்பதை நோக்கினால் அக்கட்டங்களின் தோற்றம் ஓரளவு விளங்கும்.

கடலறிவுக்கு அரசு கூலி கொடுக்கும் வழக்கம் விஞ்ஞானத்துக்கு முற்பட்டது. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பில், சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கருதப்பட்ட 'கடல்கட்டி' என்பானுக்குப் பிரித்தானிய நிருவாகமும் கூலி வழங்கிவந்தது. அவன் கரையில் நின்று மந்திரம் ஓதாவிடிற் சுழியோடிகள் கடலில் இறங்கார். ஆய்வு உதவித்தொகையின் மூதாதை இவனே என்று சொன்னால் விஞ்ஞானிகள் சினங்கொள்ளக்கூடும். ஆயினும் அரசு எதற்காகப் பணம் கொடுத்ததோ அந்த நோக்கம் பின்னரும் மாறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1857இல் முத்துச்சிப்பியை ஆராயுமாறு மருத்துவர் எட்வார்ட் பிரெடரிக் கெலார்ட் அமர்த்தப்பட்டார். இலங்கையிற் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் கற்றவர் அவர். திருகோணமலையிலும் அரிப்பிலும் ஆய்வு செய்து அறிக்கைகள் அளித்த அவர் 1860இற் கடற்பயணத்தின்போது காலமானார். அவரோடு அப்பணியும் தொடர்ச்சியற்றுப் போயிற்று. அவருக்குப் பின் அதை ஏற்றுநடத்த ஒரு மாணவர் பரம்பரை உருவாக்கப்படவில்லை.

1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் முத்துக்குளிப்பு நடைபெறாமையால் அரசிறை வற்றியது. அப்போதுதான் விஞ்ஞானம் மீண்டும் நினைவுக்கு வந்தது. லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேட்மன் 1902 ஜனவரியில் வரவழைக்கப்பட்டார். அவர் சில மாதங்களில் திரும்ப, உதவியாளரான ஜேம்ஸ் ஹோர்னெல் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை இலண்டன் றோயல் சொசைற்றியினால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்ட அவ்வறிக்கை இன்றும் மன்னார்க் குடாவின் உயிரினங்களை ஆராய்வோர் தவிர்க்கமுடியாத நூலாகும். அதன் விஞ்ஞானப் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. ஆனால் விளைவையும் பார்க்கவேண்டும். 1905ஆம் ஆண்டில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. மறு ஆண்டே முத்துப் பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி அற்றுப்போயிற்று, கம்பனியும் குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. ஹோர்னெல் 1908இற் சென்னை அரசின் மீன்வளப் பணிக்குப் போய்ச் சேர்ந்தார். வடகடலின் சிப்பியை ஆராய்வதற்கான ஆய்வுகூடம் தெற்கே காலியில் அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கு குறித்துக்கொள்ளலாம்.

இதே காலப்பகுதியில் ஐரோப்பாவில் வேறொரு முறை நிலவிற்று. அன்ரன் டோர்ன் 1872இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நிறுவிய கடல்விலங்கியல் நிலையம் ஆய்வு மேசைகளை ஆண்டு வாடகைக்கு விட்டது. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் வாடகையைச் செலுத்தின. அவை அனுப்பிய இளைஞருக்கு மேசையும் கடல்நீர்த் தொட்டியும் உயிரின மாதிரிகளும் கிடைத்தன. எதை ஆராய்வது என்பதை மேசைக்கு வந்தவரே தீர்மானித்தார். வாடகை கொடுத்தவர் முத்தின் விலையைக் கேட்கவில்லை. பணம் நபருக்கா, பண்டத்துக்கா என்ற வேறுபாடு இங்குதான் தெளிவாகப் புலப்படுகின்றது. குடியேற்ற நாட்டிற் பணம் பண்டத்தைத் தொடர்ந்தது. ஆய்வாளர் அதன் பின்னால் வந்தார்.

முத்துக்குப் பின் மீன் பண்டமாயிற்று. 1910 முதல் 1933 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த ஜோசப் பியர்சன் கடலுயிரியலாளர் பொறுப்பையும் வகித்தார். 1920களின் தொடக்கத்தில் 'லில்லா' என்னும் இழுவைக் கப்பல் கொண்டு வெட்ஜ் மேடையும் பருத்தித்துறையின் பெயர்தாங்கிய பீட்ரோ மேடையும் ஆராயப்பட்டன. முல்லைத்தீவு மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த நீர்ப்பரப்பின் ஒரு பகுதி இவ்வாறு வரைபடமாயிற்று. கேட்கப்பட்ட கேள்வி, இழுவைமடிக்கு ஏற்ற இடம் எது என்பதே. அவ்விழுவைமடி பின்னாளில் இக்கரைக்கு என்ன செய்தது என்பது வேறு கதை. அதற்குக் கீழே வருவோம்.

1941இல் மீன்பிடித் திணைக்களமும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. விலங்கியல் கற்பிக்கப்பட்டது, பட்டதாரிகள் வெளிவந்தனர். ஆனால் உள்நாட்டிலேயே கலாநிதிப் பட்டத்துக்கு ஊதியத்துடன் ஆய்வு செய்யும் வழி விரிவடையவில்லை. செய்துகாட்டுநராகவோ உதவி விரிவுரையாளராகவோ நியமனம் பெற்று, பின் பிறநாட்டுப் புலமைப்பரிசிலுக்குக் காத்திருப்பதே வழமை. 1959இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசிற் றிட்டம் இவ்வழியை அகலப்படுத்தியது. அதனாற் பயன்பெற்றோர் பலர். அவர்கள் திரும்பிவந்து கட்டிய துறைகளும் பல. எனினும் கொடுப்போரின் நாட்டிலுள்ள மேற்பார்வையாளரின் ஆர்வத்துக்கு இசைவாகத் தன் தலைப்பை வகுத்துக்கொள்ளும் பழக்கமும் அதனுடனேயே வேரூன்றியது.

பாக்கு நீரிணையின் மறுகரையைப் பார்ப்போம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இற் சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபத்துக்குப் பெயர்ந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்ட முகாமினால் நம்மவர் அறிந்த அதே மண்டபம். பரங்கிப்பேட்டையில் பேராசிரியர் ஆர். வி. சேஷையா வித்திட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் நிலையம், 1960களில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவினால் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டது. வெள்ளாற்றுக் கழிமுகத்தின் அருகிலேயே மாணவர் தங்கி, உதவித்தொகை பெற்று, ஆண்டு முழுவதும் நீரை அளக்கும் வாய்ப்பு அங்கு உண்டாயிற்று. கழிமுகம் ஒன்றை ஒரு பருவத்தில் வந்து பார்த்துவிட்டுப் போக முடியாது. மாரியும் கோடையும் மாறி மாறி வரும் இடத்தில் தொடர்ந்த அளவீடே ஆய்வு. பரங்கிப்பேட்டையின் சிறப்புக்குக் காரணம் ஆங்கு கடல் வேறாக இருந்ததன்று. கரையிலேயே ஊதியம் இருந்தமையே.

நமது வடபுலத்துக்குப் பிறநாட்டுப் பணம் வராமலில்லை. 1960களின் பிற்பகுதியிற் காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் நோர்வே உதவியால் படகும் வலையும் செய்தது. ஆனால் ஆய்வாளரை உருவாக்குவது அதன் நோக்கமன்று. 1978 – 80 காலத்தில் நோர்வேயின் 'பிரிட்யோவ் நான்சென்' ஆய்வுக்கப்பல் இலங்கைக் கடலை அளந்தது. அக்கப்பலின் வழிவந்த இன்னொன்று அதே பெயருடன் 2018இல் மீண்டும் வந்தது. இரண்டுக்குமிடையில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள். கப்பல் வந்து அளந்து போகும். இடைப்பட்ட ஆண்டுகளிற் கரையில் நின்று அளக்கவேண்டியவர் யார் என்பதே கேள்வி.

அதற்குரிய நிறுவனங்கள் உருவான காலம் மிகவும் கெட்டகாலமாக அமைந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1981ஆம் ஆண்டின் சட்டங்களால் இயற்கை வள, சக்தி, விஞ்ஞான அதிகாரசபையும் (இன்றைய தேசிய விஞ்ஞான மன்றத்தின் முன்னோடி), நீரியல் வளங்களுக்கான தேசிய ஆராய்ச்சி முகவர் நிலையமும் அமைந்தன. பின்னையது கொழும்பு மட்டக்குளியில் நிலைகொண்டது. ஆய்வுப் பணத்துக்கு உள்நாட்டு வாயில்கள் திறந்த அத்தருணத்திலேயே வடகடல் மூடப்பட்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பாதுகாப்பைக் காரணங் காட்டி மீன்பிடி தடுக்கப்பட்டது. படகேற முடியாதவர் கடலாய்வுக்கு விண்ணப்பிப்பது எங்ஙனம்? 1995 அக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே பெயர்ந்தது. 2004 திசம்பர் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டு அடங்கியது. அங்கு பாடசாலை மருத்துவமனையாயிற்று, அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. கால் நூற்றாண்டுக்கான உவர்ப்பு அளவீடும் இறால் பதிவும் இல்லாமற் போனமை இவ்விழப்புகளின் முன் மிகச் சிறியது. ஆயினும் இன்று விண்ணப்பம் எழுதுபவரிடம் முன்னைய தரவு கோரப்படும்போது அவ்வெற்றிடம் அவருடைய குறையாகவே கணிக்கப்படுகின்றது.

போருக்குப்பின் ஆய்வுப் பணம் மீண்டும் வந்தது. 2010 முதல் நெதர்லாந்து ஆய்வு மன்றத்தின் நிதியில், தென்னாபிரிக்காவையும் தென்னாசியாவையும் சேர்ந்த சிறு மீனவர் பற்றிய கூட்டாய்வு ஒன்று நடைபெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதிற் பங்குகொண்டது. அதன்வழி வடஇலங்கை மீனவரின் கடலுரிமை பற்றிய கலாநிதிப்பட்ட ஆய்வொன்று 2016இல் ஆம்ஸ்டர்டாமில் நிறைவுற்றது. பயனுள்ள ஆய்வு அது. தமிழக இழுவைப் படகுகள் நம்மவர் வலைகளை அறுத்துச் செல்லும் கொடுமையை உலகறியச் செய்ததில் அத்தகைய ஆய்வுகளுக்குப் பங்குண்டு. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1952இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய – நோர்வேத் திட்டம் இழுவைப் படகைப் பரப்பியதும் அபிவிருத்தி நிதியினாலேயே. ஒரு தலைமுறையின் நிதி உண்டாக்கியதை இன்னொரு தலைமுறையின் நிதி ஆராய்கிறது.

இப்போது நம் பட்டதாரியிடம் திரும்புவோம். தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு மானியம் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியரின் பெயரிலேயே வழங்கப்படும். மாணவருக்கான படி அதனுள் ஒரு செலவினம். மாணவர் தம் கேள்வியுடன் ஆசிரியரைத் தேடுவதைவிட, ஆசிரியரின் கேள்விக்கு மாணவரைத் தேடுவதே நடைமுறை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, ரூபாவிற் கணிக்கப்பட்ட படிகளும் இறக்குமதி செய்யவேண்டிய கருவிகளும் ஒன்றையொன்று எட்டாத தூரத்துக்குப் போயின. பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதலியன இன்றும் திறந்துள்ளன; விண்ணப்பிக்கத் தகுதியுள்ளோர் கட்டாயம் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் அவை ஆளை வெளியே கொண்டுசெல்வன. சுண்டிக்குளத்து நீர் இடம்பெயராது.

உடையார்கட்டிலிருந்து எழும் கேள்விக்கு இன்னொரு தடையும் உண்டு. குளம் நீர்ப்பாசனத்துக்குரியது, வயல் விவசாயத்துக்கு, இறால் மீன்பிடிக்கு. சுண்டிக்குளமோ 1938 முதற் பறவைச் சரணாலயமாகவும் 2015 முதல் தேசியப் பூங்காவாகவும் இருப்பதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. நான்கு தலைப்புகளின் சந்தியில் நிற்கும் ஆய்வை எக்கட்டத்தில் எழுதுவது? முத்துக்காகவும் மீனுக்காகவும் வகுக்கப்பட்ட பண்டவாரியான பிரிவினை இன்றைய படிவத்திலும் உயிர்வாழ்கின்றது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறை இயங்குகிறது. அதன் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இம்மூன்றும் ஒரே விண்ணப்பத்திற் கையொப்பமிடுவதற்குத் தடையெதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கும் நினைவுமண்டபங்களுக்கும் திரட்டும் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, நேப்பிள்ஸ் மேசையைப்போல, ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டுப் படியையும் தோணிக் கூலியையும் ஓர் உவர்ப்புமானியையும் வழங்கலாம். தலைப்பை மாணவரே தெரிவுசெய்யட்டும். அளவீடு ஐப்பசி மழைக்கு முன், துருசுகள் மூடியிருக்கும்போதே தொடங்கவேண்டும். இல்லையேல் ஓராண்டு காத்திருக்க நேரும்.