நாற்காலியைச் சாய்த்த துணைக்கேள்விகள்

அவைக்குறிப்பில் அமைச்சர்கள் – 9

மக்களவையின் வருகைப் பதிவேட்டில் அமைச்சர்கள் கையெழுத்திடுவதில்லை. கேள்வி நேரத்தில் அவர்கள் கேள்வி கேட்பதில்லை. தனிநபர் மசோதாவும் கொண்டுவருவதில்லை. ‘நம்ம தொகுதி எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை நாள் அவைக்கு வந்தார்?’ என்று இப்போது சதவீதம் போட்டுச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு அமைச்சரிடம் செல்லாது. அமைச்சரை எடைபோட ஒரே வழி, அவர் கொடுத்த பதில்களை எடுத்துப் படிப்பது. சொன்னது என்ன என்பதைவிட, சொல்லாமல் விட்டது என்ன என்று தேடிப் படிப்பது இன்னும் நல்லது.

அப்படிப் படிக்க டி.டி.கே.யைப் போல வாகான ஆள் கிடைப்பது அரிது. திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி. இரண்டு தடவை மத்திய நிதியமைச்சர். இரண்டு தடவையும் காலம் முடியுமுன் ராஜினாமா. அவருடைய எதிரிகள்கூட அவருக்குப் பேசத் தெரியாது என்று சொன்னதில்லை.

1899 நவம்பர் 26-ல் பிறந்தவர். அப்பா ரங்காச்சாரி நீதிபதி. மகன் போனதோ வியாபாரத்துக்கு. 1928-ல் சென்னையில் அவர் தொடங்கிய கம்பெனி, வெளிநாட்டுச் சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1937-ல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். பிறகு காங்கிரஸ், 1942-ல் டெல்லியின் மத்திய சட்டசபை, அங்கிருந்து அரசியல் நிர்ணய சபை. கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தவர் என்பதால், வரவு செலவு விவாதங்களில் இவர் எழுந்தால் கருவூலப் பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அவருடைய மிகச் சிறந்த பேச்சு எது என்று என்னைக் கேட்டால், அவர் அமைச்சராவதற்கு முந்தைய ஒரு பேச்சைத்தான் சொல்வேன். 1948 நவம்பர் 5. அரசியலமைப்பு வரைவை அம்பேத்கர் சபையில் வைத்ததற்கு மறுநாள். டி.டி.கே. எழுந்து, வரைவுக் குழுவின் நிலைமையை உடைத்துச் சொன்னார். ஏழு பேரை நியமித்தீர்கள். ஒருவர் விலகினார், அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். ஒருவர் காலமானார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில். இன்னொருவருக்கு சமஸ்தான விவகாரங்களே தலைக்குமேல். ஓரிருவர் டெல்லிக்கு வெகு தொலைவில், உடல்நலமும் இடம் கொடுக்கவில்லை. ஆக மொத்த பாரமும் அம்பேத்கர் தலையில் விழுந்தது, அதை அவர் பாராட்டத்தக்க விதத்தில் சுமந்து முடித்திருக்கிறார். பேச்சின் சாரம் இதுதான். அரசியலமைப்பை எழுதியது யார் என்ற விவாதம் கிளம்பும்போதெல்லாம் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் சாட்சி இது. சாட்சி சொன்னவர் அம்பேத்கரின் கட்சிக்காரரும் அல்லர், சாதிக்காரரும் அல்லர் என்பதால் அதற்குத் தனி எடை. வேடிக்கை என்னவென்றால், காலமான உறுப்பினர் கைதான் விட்டுச்சென்ற அந்தக் காலியிடத்தில் பிற்பாடு டி.டி.கே.யையே அமர்த்தினார்கள்.

அதே பேச்சில் இன்னொரு பகுதி. அதை நம் ஊரில் பலர் மறந்துவிட்டார்கள். இந்தியைத் திணிக்கத் துடித்த ஐக்கிய மாகாண நண்பர்களைப் பார்த்து, தெற்கே ஏற்கெனவே பிரிவினை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மொழி ஏகாதிபத்தியம் அவர்களுக்குத்தான் உதவும் என்று எச்சரித்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா, முடிவு உங்கள் கையில் என்றார். ருசியில்லாமல் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படிக்கவைத்ததால் ஆங்கிலத்தின் மேல் தமக்கு வெறுப்பு இருந்தது என்றார். இந்த வயதில் இந்தியையும் கட்டாயப்படுத்தினால் தம்மால் முடியாது, நீங்கள் கொடுக்கும் நெருக்கடியில் மனமும் வராது என்றும் சேர்த்துக்கொண்டார். திராவிட இயக்கத்தைச் சேராத ஒரு சென்னை காங்கிரஸ்காரர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு பேசியது இது.

1952 மே மாதம் நேரு அவரை வர்த்தக, தொழில் அமைச்சராக்கினார். பிறகு இரும்பு, உருக்குத் துறையும் சேர்ந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைத் திட்டங்கள் உருவான காலம் அது. பம்பாய் நகரப் பிரச்சினையில் சி.டி. தேஷ்முக் ராஜினாமா செய்ய, 1956 ஆகஸ்ட் கடைசியில் நிதித்துறை டி.டி.கே.யிடம் வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டர் தந்த யோசனைகளை எடுத்துக்கொண்டு, 1957 மே 15 பட்ஜெட்டில் சொத்து வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்தார். சம்பாதிப்பதற்கு வரி போடுவார்கள், செலவழிப்பதற்குமா என்று பணக்காரர்கள் அலறினார்கள். தொழிலதிபர்களிடையே இவருக்கு நண்பர்கள் குறைந்தது அப்போதுதான். 1962-ல் மொரார்ஜி தேசாய் ரத்து செய்த செலவு வரியை, மறுபடி நிதியமைச்சராக வந்து 1964-ல் திரும்பக் கொண்டுவந்தார் என்றால் மனிதரின் பிடிவாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முந்த்ரா விவகாரம். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம்.

1956 ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டு ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி, செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. இதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி. தொழிலதிபர் டால்மியாவின் காப்பீட்டுக் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் எப்படியெல்லாம் கைமாறியது என்று 1955 டிசம்பரில் அவையில் பிட்டுப் பிட்டு வைத்தவர். ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மாப்பிள்ளை, உட்காருவது பின்வரிசையில்.

எல்.ஐ.சி.க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு அது பங்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் கிரட்டாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். முந்த்ரா அப்போது கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தவர். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே பேரம் முடிந்தது. பேசி முடித்ததில் முக்கியமானவர் நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல்.

செப்டம்பரிலேயே ராம் சுபக் சிங் என்ற காங்கிரஸ் எம்.பி. இதைத் தொட்டு ஒரு கேள்வி போட்டார். வந்த பதிலில் அவைக்கு எதுவும் விளங்கவில்லை. நவம்பர் 29-ல் விவகாரம் மறுபடி கேள்வி நேரத்துக்கு வந்தது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. ஆபத்து அடுத்து வரும் துணைக்கேள்விகளில். எது வரும், யார் கேட்பார் என்று தெரியாது. அதிகாரிகள் மாடத்திலிருந்து சீட்டு வந்து சேர்வதற்குள் அமைச்சர் பாதி வாக்கியம் பேசியிருப்பார். தன் கோப்பைத் தானே படித்தவர் மட்டும் அந்த ஒரு நிமிடத்தைக் கடப்பார். டி.டி.கே. கோப்பு படிக்காத அமைச்சர் அல்லர். அதனால்தான் அன்றைய பதில்கள் உறுத்துகின்றன. பங்கு வாங்கியதை மறுக்க முடியவில்லை. யார் சொல்லி, எந்த அவசரத்தில், என்ன விலைக்கு என்று கேட்டபோது நேரடியான பதில் வரவில்லை. எல்.ஐ.சி. தன்னாட்சி பெற்ற நிறுவனம் என்ற திரை நடுவே தொங்கியது. 1948-ல் வரைவுக் குழுவில் எவர் எங்கே போனார் என்று ஒவ்வொரு ஆளாகக் கணக்குச் சொன்ன அதே வாய்!

டிசம்பர் 16-ல் பெரோஸ் எழுந்தார். இன்று இங்கே குறிபார்த்துச் சுடுவதும் பலமாக அடிப்பதும் நடக்கும், நான் அடித்தால் பலமாக அடிப்பேன், அதைவிடப் பலமாகத் திருப்பி அடிப்பார்கள் என்றும் எதிர்பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் டி.என்.டி. வெடிமருந்து ஏராளமாக இருப்பது தமக்குத் தெரியும் என்று அவர் சொன்னபோது, எந்த மூன்றெழுத்தைக் குத்துகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் வெறும் விலைப்பட்டியல்தான். பங்குச் சந்தையில் என்ன விலை, எல்.ஐ.சி. கொடுத்தது என்ன விலை, பேரத்துக்கு முந்திய நாட்களில் விலை ஏறியது எப்படி. நாமே உருவாக்கிய இவ்வளவு பெரிய நிதி நிறுவனத்தின் மேல் கண்வைத்திருப்பது இந்த அவையின் கடமை என்று முடித்தார். விசாரணைக்கு அரசு இணங்கியது.

இந்தப் பேச்சு மறுநாள் பத்திரிகைகளில் பயமில்லாமல் அச்சானதற்கும் பெரோஸ்தான் காரணம். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மேல் வழக்குப் போட முடியாது என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டம், அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் பிறந்தது. அவசர நிலைக் காலத்தில் அந்தச் சட்டத்தை ஒழித்தது அவருடைய மனைவியின் அரசு. 1977-ல் ஜனதா அரசு மீட்டது. இது வேறு கதை, இன்னொரு வாரத்துக்கு ஆகும்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனி ஆளாக விசாரித்தார், மூடிய அறையில் அல்லாமல் ஊரறிய. இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி கட்டவேண்டி வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு நிதியமைச்சரும் அவருடைய செயலரும் ஒருவர் சொன்னதற்கு மாறாக மற்றவர் சாட்சி சொன்னதை மக்கள் காதால் கேட்டது அதுவே முதல் தடவை. அமைச்சருக்குத் தெரிந்தே செய்தேன் என்பது படேல் தரப்பு. நான் ஒப்புதல் தரவில்லை என்பது டி.டி.கே. தரப்பு. 1958 பிப்ரவரி 10-ல் அறிக்கை வந்தது. செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, கீழே இருப்பவரைக் காட்டிவிட்டு அவர் நழுவ முடியாது என்றார் சாக்ளா.

அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, என் கணக்கில், அந்த 1.24 கோடியைவிடப் பெரியது. அமைச்சர்கள் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கையில் எடுத்துக்கொண்டு, எல்லா விவரங்களையும் அதன் முன் வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால், வேறு வழிகளில் விவரம் கசிந்து பிற்பாடு தர்மசங்கடப்படத் தேவையில்லை. நவம்பர் 29-ஆம் தேதி அவைக்குறிப்பை இந்த வரிகளோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். பேரத்தில் டி.டி.கே. ஒரு பைசா தொட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இதில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்ற பொருள்பட நேருவும் கடிதம் எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் முதல் கேள்விக்கே எழுந்து, ‘ஆமாம், வாங்கினார்கள். இன்னார் பேசினார்கள், இன்ன விலை. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை, அது தவறு’ என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூச்சலோடு போயிருக்கும் என்பது என் ஊகம்.

பிப்ரவரி மத்தியில் பதவி போயிற்று. அந்த மாதக் கடைசியில் பட்ஜெட் வாசிக்க நிதியமைச்சர் இல்லாததால், நேருவே நிதித்துறையையும் வைத்துக்கொண்டு வாசித்தார். அன்பளிப்பு வரி வந்தது அதில்தான்.

1962-ல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வாகி டி.டி.கே. டெல்லி திரும்பினார். சீனப் போரின்போது பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர். காமராஜ் திட்டத்தில் மொரார்ஜி வெளியேற, 1963-ல் மீண்டும் நிதி. யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் 1964-ல் வந்தவை. பிள்ளைகளின் கம்பெனிகளுக்கு அப்பாவின் பதவி உதவுகிறது என்று எம்.பி.க்கள் சிலர் மனுக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் ஒரு கருத்துக் கேட்டுவிடலாம் என்றார் பிரதமர் சாஸ்திரி. பிரதமரே இதைத் தள்ளுபடி செய்யவேண்டும், இன்னொரு நீதிபதி முன் நான் நிற்கமாட்டேன் என்ற நிலையில் டி.டி.கே. இருந்தார். சாக்ளா கமிஷனைப் பார்த்தவருக்கு அந்தக் கசப்பு இருந்திருக்கும். 1965 டிசம்பர் 31-ல் ராஜினாமா செய்தார். பதினோராம் நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். டி.டி.கே. சென்னைக்கு வந்து மியூசிக் அகாடமி வேலைகளில் ஈடுபட்டார். 1974 மார்ச் 7-ல் மறைந்தார்.

(தொடரும்)