சவரக்கத்தியும் சேலத்து எஃகும்



சவரக்கத்தி என்றதும் பிளேடு மாற்றும் கத்தியை நினைக்காதீர்கள். கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பதம் பார்ப்பார்களே, மடக்கி வைக்கும் அந்த முழு எஃகுக் கத்தியைச் சொல்கிறேன். எய்ட்ஸ் பயம் வந்து, சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு என்று ஆனபிறகு அவை பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போய்விட்டன. இப்போது அவற்றைத் தேடிப் பிடித்து, கையடக்க மோட்டாரில் உப்புத்தாள் உருளை மாட்டித் தேய்த்து, கண்ணாடி போல் ஆக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் மோட்டாரை ஓடவிடும் முன் எஃகின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அது நம் மாவட்டத்தையும் தொட்டுச் செல்கிறது.

ஆத்தூரில் பஸ் ஏறி சேலம் போய், அதையும் தாண்டி மேற்கே போனால் கஞ்சமலை. இரும்புத்தாது நிறைந்த மலை. அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் தாதுவை மண் உலையில் இட்டு இரும்பாக்கினார்கள். அந்த இரும்பைத் துண்டுகளாக்கி, ஆவாரங்குச்சியும் பச்சிலையும் சேர்த்து, சிறு களிமண் மூசையில் வைத்து மூடி, உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏற, அது எஃகாகிவிடும். தென்னிந்தியாவின் இந்த எஃகுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'ஊட்ஸ்'.

1790களில் இந்தியாவிலிருந்து ஊட்ஸ் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. அங்கே கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைக் கொண்டு கத்திகள் செய்தார். பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் (ஆமாம், நாம் பிசிக்ஸில் படிக்கும் அதே ஃபாரடேதான்!) ஊட்ஸை ஆராய்ந்து, 1820லும் 1822லும் எஃகுக் கலவைகள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். புதுக் கலவைகளில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

அடுத்து வருபவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். சேலத்து இரும்பின் தரத்தைப் பார்த்து உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து மூசை எஃகைப் பற்றி எழுதியும் வைத்தார். உருகும் எஃகில் சிறிதளவு மாங்கனீஸ் கலவை சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு நகரத்து எஃகின் விலை இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவரிடம் வேலை செய்தவரே முறையைச் சற்று மாற்றிக் காப்புரிமையிலிருந்து தப்பித்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஹீத் இறந்தபிறகு, 1855இல் பிரபுக்கள் சபையிலும் தோல்விதான்.

சரி, மோட்டாருக்கு வருவோம். கத்தி எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மறுபடி 200 டிகிரி செல்சியஸ் அளவில் லேசாகச் சூடாக்கித்தான் பதம் ஏற்றுகிறார்கள். சவரக்கத்தியின் விளிம்போ காகிதம் போல மெல்லியது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் உருளை அங்கே பட்டால் சில நொடிகளில் சூடு அந்த அளவைத் தாண்டிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால் 300 டிகிரியைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். பதம் போயிற்று, பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. எனவே அலகைத் தண்ணீர் உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள். மோட்டார் வேண்டுமானால் முதுகுப் பக்கம், குறைந்த வேகத்தில், அடிக்கடி தண்ணீரில் நனைத்து.

இன்னொன்று, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரை. ஷெஃபீல்டா, ஜெர்மனியின் சோலிங்கனா, யார் செய்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தைய கத்தி. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அந்த வருஷம் சட்டம் போட்டது. மேலோட்டமாகக் குத்திய எழுத்து. உருளை இரண்டு தடவை ஓடினால் மறைந்துவிடும்.

ஹீத்தின் பெயராவது வழக்குக் கட்டுகளில் இருக்கிறது. சேலத்தில் துருத்தி ஊதியவர்கள் முத்திரை எதுவும் குத்தவில்லை. அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை. பெயர் பொறித்த கத்தி கையில் கிடைத்தால் அதையும் நாமே அழிக்க வேண்டுமா? துருவை எடுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள் :)