பந்திக்கு நடுவே ஒரு தடுப்பு

1912, ஏப்ரல் 14. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் ரெஸ்டாரன்ட்டில் பிரமாதமான டின்னர் ஒன்று நடந்தது. விருந்து கொடுத்தவர் ஜார்ஜ் வைட்னர் என்கிற ஃபிலடெல்ஃபியா கோடீஸ்வரர். கூடவே மனைவி எலினார், மகன் ஹாரி. அழைக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அமெரிக்க ஜனாதிபதிக்கு நெருக்கமான ராணுவ மேஜர் ஒருவர், இரண்டு பணக்காரத் தம்பதிகள். விருந்தின் நாயகன், கப்பலின் கேப்டன் ஸ்மித். ஒன்பது மணி வாக்கில் கேப்டன் எழுந்து விடைபெற்றுக்கொண்டு போனார். 11.40-க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது.

ஆமாம், டைட்டானிக்தான்! கேப்டனும் பிழைக்கவில்லை, விருந்து கொடுத்த வைட்னரும், அவர் மகனும் பிழைக்கவில்லை. ரெஸ்டாரன்ட்டில் பரிமாறிய ஊழியர்களிலும் கிட்டத்தட்ட எல்லோருமே போய்விட்டார்கள்.

அதே கப்பலின் அடித்தளத்தில் மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குத் தனி சாப்பாட்டுக்கூடம் இருந்தது. பட்டினி போடவில்லை, நன்றாகவே சாப்பாடு போட்டார்கள். ஆனால், அங்கே சாப்பிடுகிறவர் மேலே வர முடியாது. ஒரே கப்பல், ஒரே கடல், வேறு வேறு பந்தி.

கப்பல் சாப்பாட்டின் இந்த ருசி இன்னும் போகவில்லை. சொகுசுக் கப்பலில் பெரிய சூட் எடுத்தவர், அறையிலேயே மேஜை போடச் சொல்லி, தனக்கு வேண்டியவர்களை அழைத்துத் தனியாக விருந்து கொடுக்கலாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது. ஆக, நம்ம ஊர்க்காரர்களுக்கும் இது எட்டாத விஷயம் இல்லை.

தனி விருந்துக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. யாரைக் கூப்பிடுவது என்று விருந்து கொடுப்பவர் தீர்மானிப்பார். யாரைக் கூப்பிடாமல் விடுவது என்பதையும் அவரே தீர்மானிப்பார். உண்மையைச் சொன்னால், விருந்தின் கௌரவமே இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது!

இந்தச் சட்டத்தை ஒருத்தர் பின்பற்றவே மாட்டேன் என்றால் என்ன ஆகும்? வருகிறவர் யாராயிருந்தாலும் சோறு, எல்லோருக்கும் ஒரே அளவு என்றால்? அப்படி நடத்திப் பார்த்த இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ரமணாசிரமம். அங்கேயும் அது சுலபமாக நடந்துவிடவில்லை.

கதை 1896 ஆகஸ்டில் தொடங்குகிறது. மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய வெங்கட்ராமன் என்ற பதினாறு வயசுப் பையன், கையில் காசு தீர்ந்துபோய், திருக்கோயிலூர் பக்கம் நடந்துகொண்டிருந்தான். கீழூர் கோயிலில் பசிக்கிறது என்று கேட்டபோது, குருக்கள் இல்லையென்று கையை விரித்துவிட்டார். கோயிலில் வாத்தியம் வாசிக்கிறவர்தான், ‘என் பங்கைக் கொடுத்துவிடுங்கள்’ என்றார். யோசித்துப் பாருங்கள். கோயில் சம்பளத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு பட்டைச் சோறு அது. தண்ணீர் தேடிப் போன இடத்தில் பையன் மயங்கி விழ, சோறு தெருவில் சிதறியது. எழுந்து, சிதறியதைப் பொறுக்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த வீட்டு அம்மாள், சாட்சாத் கிருஷ்ணனே பையன் வேஷத்தில் வந்துவிட்டான் என்கிற மாதிரி உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். பையன் காதில் கிடந்த கடுக்கனை அடகு வைத்து, ரயில் சார்ஜுக்கு நாலு ரூபாய் வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது, சாமிக்கு இன்னும் படைக்காத பட்சணப் பொட்டலத்தையும் அந்தம்மாள் கையில் கொடுத்து அனுப்பினார். செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலையார் கோயிலுக்குப் போய்விட்டு, அய்யங்குளத்தில் அந்தப் பொட்டலத்தை வீசிவிட்டான். மிச்சமிருந்த காசும் போச்சு, பூணூலும் போச்சு. கடுக்கனை மீட்பதற்காக வாங்கிய விலாசச் சீட்டை முன்பே கிழித்துப் போட்டாயிற்று.

அதற்குப் பிறகு சாப்பாடு என்பது யாராவது கொடுத்தால் உண்டு. குருமூர்த்தத்தில் இருந்தபோது தம்பிரான் ஒருவர் இவரையே சாமியாக வைத்து அபிஷேகம், பூஜை என்று ஏற்பாட்டில் இறங்கினார். மௌனமாக இருந்த இளைஞர் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார். இந்த உடம்புக்குச் செய்ய வேண்டிய தொண்டு இந்தச் சோறு மட்டும்தான் என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது!

பிறகு தானே தெருவில் பிச்சைக்கு இறங்கினார். வாசலில் நின்று கையைத் தட்டுவார். கொடுப்பதைக் கையிலேயே வாங்கி, நின்ற இடத்தில் சாப்பிட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். முதலில் கூச்சமாக இருந்ததாகவும், பழகிய பிறகு ராஜா மாதிரி இருந்ததாகவும் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். திருவண்ணாமலையில் தான் பிச்சை எடுக்காத தெருவே கிடையாது என்பார். பெரிய ஊர்ச் சாப்பாட்டுக்கூடம் ஒன்றை நடத்துவதற்கு இதைவிட நல்ல டிரெயினிங் கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

டைட்டானிக் மூழ்கிய 1912-ல் அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். கூட ஒரு சின்னக் கூட்டம். சங்கு ஊதிக்கொண்டு சிஷ்யர்கள் ஊருக்குள் இறங்குவார்கள். சங்கு சத்தம் கேட்டதும் பெண்கள் சோற்றோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஒரு சிக்கல். ‘நாங்களும் குகைச் சாமியோட ஆளுங்கதான்’ என்று சொல்லி, வேறு சிலர் முந்திக்கொண்டு பாடி வாங்கிப்போய்விட்டார்கள். ‘நம்ம கோஷ்டிக்கு அடையாளமாகத் தனியாக ஒரு பாட்டு வேண்டும்’ என்று சிஷ்யர்கள் நச்சரித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘அருணாசல அட்சரமணமாலை’. இன்றைக்கு உலகம் முழுக்க பக்தர்கள் பாடும் நூற்றெட்டு கண்ணிகள், ஆதியில் பிச்சைப் பாட்டு. போலிகளைக் கண்டு ஏமாறாதீர் என்ற வகை!

வந்த சோறெல்லாம் ஒன்றாகக் கலக்கப்படும். குறைவாக வந்தால் வெந்நீர் விட்டுப் பெருக்கிக்கொள்வார்கள். சில நாள் உப்பு இருக்காது. கேட்டால் யாராவது கொடுத்திருப்பார்கள். ஆனால், ரமணர் கேட்க விடமாட்டார். இன்றைக்கு உப்பு கேட்கிற நாக்கு நாளைக்குப் பருப்பு கேட்கும், அடுத்த நாள் பாயசம் கேட்கும் என்பது அவர் கட்சி. குகைக்கு வேளை தவறாமல் சோறு சுமந்து வந்தவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். கணவனையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த எச்சம்மாள் ஒருவர். முதலியார் பாட்டி இன்னொருவர். முதலியார் வீட்டுச் சோற்றை அய்யர் வீட்டில் பிறந்தவர் நாள்தோறும் சாப்பிட்டார் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

1916-ல் அம்மா அழகம்மாள் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். ஸ்கந்தாசிரமத்தில் முதன்முதலாக அடுப்பு எரிந்தது. அம்மாவுக்கு மடி, ஆசாரம் எல்லாம் கறாராக வேண்டும். பிள்ளையோ விடாமல் கிண்டல் செய்வார். ‘அதோ பார் வெங்காயம், இதோ பார் முருங்கைக்காய், மோட்சத்துக்கு எவ்வளவு பெரிய தடை’ என்கிற ரீதியில்! மெல்ல மெல்ல அம்மாவின் ஆசாரம் கரைந்தது. 1922 மே மாதம் அம்மா காலமானார். அடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ஆசிரமம்.

ஆசிரமம் வளர்ந்ததும் சமையல்கட்டும் வளர்ந்தது. விடியுமுன்னே எழுந்து ரமணர் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் என்று சமையலில் இருந்தவர்களில் பலர் விதவைகள். அவர்களுக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். கத்தரிக்காய்க் காம்பைக்கூட வீணாக்க விடமாட்டார். தரையில் சிந்திய ஒரு அரிசியைக் குனிந்து பொறுக்குவார். பந்தியில் தனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கோபம் வரும். அவருக்கென்று பிரத்யேகமாக யாராவது பலகாரம் செய்துகொண்டுவந்தால், அது கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பங்காகிவிடும். இலையில் விழுந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிடுவார். குகைக் காலத்துப் பழக்கம் போகவில்லை.

ஒரு பக்தர் ‘இன்றைய சாப்பாடு என் செலவு’ என்று பிக்ஷை நடத்தலாம். பணம் அவருடையது. ஆனால், யார் சாப்பிடுவது என்று அவர் சொல்ல முடியாது. கப்பல் விருந்துக்கு நேர் எதிர்.

ஆசிரமத்து நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சம்பவம். வாசலில் நின்ற பிச்சைக்காரர்களை, ‘உள்ளே பந்தி முடியட்டும், அப்புறம் வாங்க’ என்று யாரோ அதட்டிவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. இலை போட்டாயிற்று. ரமணரைக் காணோம். தேடினால், கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ‘பிச்சைக்காரர்களுக்கு இடம் இல்லை என்றீர்களாமே, நானும் அந்த ஜாதிதானே?’ அன்றிலிருந்து வாசலில் இருப்பவர்களுக்கு முதல் பந்தி. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் சாதுக்களுக்கு அன்னமிடுவது இன்றைக்கும் நடக்கிறது.

இதோடு முடித்தால் அழகான கதை. ஆனால், அந்தக் கூடத்துக்கு நடுவில் ஒரு தடுப்பு இருந்தது.

ஒரு பக்கம் பிராமணர்கள். மறுபக்கம் மற்றவர்கள், வெள்ளைக்காரர்கள் உட்பட. இரண்டு பக்கமும் பார்க்கும்படியான இடத்தில் ரமணரின் இலை. சமைப்பதும் பிராமணர்கள் மட்டுமே. பெண்கள் பொழுது சாய்ந்தால் ஆசிரமத்தில் தங்கக் கூடாது, சமைக்கும் அம்மாள்கள் உட்பட.

அந்தக் காலம் எது என்று நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதுதான் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. வ.வே.சு. அய்யருக்கு எதிராக வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் நின்றார்கள். 1925-ல் பெரியார் காங்கிரஸிலிருந்தே வெளியேறினார். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பது தமிழனுக்கு ஆன்மிகப் பிரச்னை மட்டும் இல்லை, அரசியல் பிரச்னை. அது கொதித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் திருவண்ணாமலையில் அந்தத் தடுப்பும் இருந்தது.

நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்த சுவாமியின் கையில் இருந்தது, ரமணர் அதில் தலையிடுவதில்லை என்பார்கள். ஆசாரக்காரர் ஒருவர் தன் ஆசாரத்தைத் தானாக விடவேண்டும், என் பெயரைச் சொல்லி விடக் கூடாது என்று அவர் நினைத்தார் என்பதும் ஒரு விளக்கம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனாலும், பிச்சைக்காரர்களுக்காகப் பந்தியை விட்டு எழுந்துபோகத் தெரிந்த மனிதர், தடுப்புக்காக ஒருநாள் எழுந்துபோயிருந்தால் அது எத்தனை நாள் நின்றிருக்கும்? எனக்கு இந்தக் கேள்வி போகவே மாட்டேன் என்கிறது. தெருவெல்லாம் வாங்கிச் சாப்பிட்ட கைக்கு ஜாதி கிடையாது. அந்தக் கை சாப்பிட்ட கூடத்துக்கு இருந்தது.

புதிய சமையல்கூடமும் சாப்பாட்டுக்கூடமும் எழுந்தது 1938-ல். ‘பாகசாலை 1938’ என்று ரமணர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, கட்டட வேலையைப் பார்த்துவந்த அண்ணாமலை சுவாமி அதைப் பெரிய எழுத்துகளாகச் சுவரில் வடித்தார்.

அதே 1938-ல் ஒரு தனி விருந்தும் அங்கே நடந்தது! வந்தவர் பிரபல ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம். கப்பல் பிரயாணத்திலும் கப்பல் மனிதர்களிலுமே பாதிக் கதைகளைப் பிடித்தவர். மதராஸிலிருந்து காரில், தெரிந்தவர்களோடு, சாப்பாட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். ஆசிரமத்தில் மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர் தங்கியிருந்தார். 1935-ல் வந்து, ஆசிரம வளாகத்துக்குள்ளேயே அறை கட்டிக்கொண்டு ஊரோடு ஒட்டிப்போனவர். அவர் அறைத் தாழ்வாரத்தில் இவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்றைக்கு மாம் திடீரென்று மயங்கி விழுந்துவிட்டார். சாட்விக்கின் அறையில் படுக்கவைத்தார்கள். கூடத்துக்கு வர முடியாத விருந்தாளியைப் பார்க்க ரமணரே அங்கு வந்தார். உட்கார்ந்தார். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மௌனமும் பேச்சுதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். ‘சமாதி நிலைக்கே போய்விட்டார் வெள்ளைக்காரர்’ என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. மாமுக்கே இது வேடிக்கை. தனக்கு முன்பும் இப்படி மயக்கம் வந்ததுண்டு என்று பிற்பாடு எழுதினார். ஆனால், அந்த மனிதரை மறக்கவில்லை. 1944-ல் வந்த அவருடைய ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் சாமியாரின் சாயல் இங்கிருந்து போனதுதான்.

இன்றைக்கு ரமணாசிரமம் பகுதி வேறு ஊர் மாதிரி இருக்கிறது. செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கான கஃபேக்களும் மாடி வீடுகளும் வந்துவிட்டன. மெனு கார்டு பார்த்து, வேண்டியவர்களோடு தனி மேஜையில் சாப்பிடலாம். ரோட்டைக் கடந்தால், பதினொன்றரைக்கு ஆசிரமத்தில் மணி அடிக்கும். தரையில் உட்காரவேண்டும். பக்கத்து இலை யாருடையது என்று தேர்ந்தெடுக்க முடியாது.

ரமணர் மறைந்தது 1950-ல். அதுவும் ஒரு ஏப்ரல் 14, அதுவும் ராத்திரி. மணி 8.47. கையில் வந்த புற்றுநோய்க்கு நான்கு முறை ஆபரேஷன் ஆகி, ஒரு சின்ன அறையில் படுத்திருந்தார். கடைசி நாட்களில் வெளியே மயில் விடாமல் கத்திக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அவர் கேட்டது: “அதுக்கு யாராவது சாப்பாடு வெச்சாங்களா?”