விளையாட்டுக்கு விதித்த தடை

நம் வீட்டுப் பிள்ளைகளை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சேர்த்து வருகின்றோம். அவற்றில் உள்ள 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்' என்பதன் சுருக்கம். ஜெர்மானிய மொழியில் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். அந்தத் தோட்டத்தை ஓர் அரசு ஆணையிட்டு மூடிய வரலாறு நம்மில் பலரும் அறியாதது.

1782ஆம் ஆண்டு துரிஞ்சியாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த பிரீட்ரிக் பிரோபெல், ஓராண்டு நிரம்புமுன்பே தாயை இழந்தவர். வனப்பணியில் பயிற்சி, சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசியிடம் ஆசிரியப் பழக்கம், பெர்லினில் படிகக் கற்களின் ஆராய்ச்சி எனப் பல துறைகளில் உழன்றபின், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையம் கண்டார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டார்.

அங்கே பாடப்புத்தகத்துக்கு முதலிடம் இல்லை. 'கொடைகள்' என அவர் அழைத்த விளையாட்டுப் பொருள்களே பாடம். முதற்கொடை, கம்பளி நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. மூன்றாவது கொடையைச் சற்று நின்று நோக்க வேண்டும். அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். பிள்ளை அதனைப் பிரிக்கிறது, இரண்டு பாதிகள். மீண்டும் பிரிக்கிறது, நான்கு கால்கள். சேர்த்தால் முழுமை. நாற்காலி கட்டலாம், பாலம் கட்டலாம், கோலம்போல் பூவடிவமும் அமைக்கலாம். ஆனால் எந்தத் துண்டையும் மீதம் வைக்கலாகாது. பின்னாளில் பள்ளியில் பின்னம் என்ற சொல்லைக் கேட்கும்போது, அப்பொருளை அதன் விரல்கள் முன்பே அறிந்திருக்கும். பள்ளிக்கு ஆயத்தம் செய்தல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தென்படவில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட், சிறுவயதில் தாம் விளையாடிய இம்மரக்கட்டைகளை முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இத்தகைய நிலையங்களைத்தான் 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு தடை செய்தது. அவை சிறுவரை நாத்திகத்துக்கும் சமவுடைமைக் கொள்கைக்கும் பழக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. கார்ல் பிரோபெல் என்னும் அண்ணன் மகன் எழுதிய நூலொன்றைச் சிற்றப்பன் தலையில் ஏற்றிவிட்டனர் என்பர். மரப்பந்தில் அரசத் துரோகம் கண்ட அதிகாரிகளின் கூர்மையை என்னென்பது! பிரோபெல் எடுத்துரைத்தும் பயனில்லை. மறு ஆண்டு ஜூன் திங்களில், எழுபது வயதில், தடை நீங்கக் காணாமலே அவர் மறைந்தார். அது விலக்கப்பட்டது 1860இல்.

அதற்குள் விதை கடல் கடந்துவிட்டது. 1856இல் மார்கரெட் ஷூர்ஸ் என்னும் ஜெர்மானிய மாது விஸ்கான்சினில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார்; 1873இல் செயிண்ட் லூயி நகரில் சூசன் புளோ அதனைப் பொதுப்பள்ளியோடு இணைத்தார்.

ஆயினும், ஆணை செய்யாத கேட்டை அன்பர்கள் செய்தனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. கட்டையை எடு, வை, திருப்பு என ஆசிரியை சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர அசைக்கும் பயிற்சியாகப் பல இடங்களில் அது இறுகிப்போயிற்று. விளையாட்டு என்ற பெயர் இருந்தது. விளையாடும் உரிமை பிள்ளைக்கு இல்லை. ஸ்டான்லி ஹால், ஜான் டூயி போன்ற அறிஞர்கள் இதனைக் குறைகூறி எழுதிய பின்னரே, அமெரிக்க வகுப்பறைகளில் பெரிய கட்டைகளும் மணற்பெட்டியும் இடம்பெறலாயின.