புள்ளிக்குள் இருந்த எண்

1965 ஜூலை. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் பொறியாளர் ரிச்சர்ட் க்ரம், ஓவியப் பொருட்கள் விற்கும் கடைக்குப் போய் சாக்பீஸ் கேட்டார். சாம்பல் நிறத்திலேயே வெளிறியதும் அடர்ந்ததுமாகப் பல படிகளில் வேண்டும் என்றார். சாக்பீஸெல்லாம் நாங்கள் விற்பதில்லை, பேஸ்டல்தான் இருக்கிறது என்று கடையில் கொஞ்சம் கெத்தாகவே பதில் வந்தது. வாதாட நேரமில்லை. இருந்த கலர்க் கட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். செவ்வாய் கிரகத்தை அருகில் போய் எடுத்த முதல் படம், அந்தக் கட்டிகளால்தான் முதலில் உருவம் பெற்றது.

மாரினர் 4 விண்கலம் அப்போதுதான் செவ்வாயைக் கடந்து போயிருந்தது. எடுத்த படங்களை நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மெதுவாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு படத்துக்குக் குறுக்கே 200, நெடுக்கே 200 என்று 40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். அதாவது 6 பிட். மொத்தம் 2,40,000 பிட். வந்து சேர்ந்த வேகமோ நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு படம் இறங்க எட்டு மணி நேரம்.

நாடாப்பதிவுக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற கவலை வேறு க்ரம் குழுவினரை அரித்தது. கணினி படமாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. எண்கள் நீள நீளமான காகிதப் பட்டைகளில் அச்சாகி வந்துகொண்டிருந்தன. பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பலகையில் ஸ்டேப்ளர் போட்டு அடித்தார்கள். இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை பழுப்பு, அடுத்த படிக்குச் செம்மஞ்சள், அதற்கடுத்து மஞ்சள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்து அதன்மேலேயே தீட்டினார்கள். செவ்வாய் சிவப்பு என்பதற்காக எடுத்த நிறங்கள் இல்லை. படிகள் பிரிந்து தெரிந்தால் போதும் என்று பொறுக்கியவைதான். கிரகத்தின் விளிம்பு வளைந்து எழும்பியது. கருவி வேலை செய்திருக்கிறது! அந்தப் பலகைக்குச் சட்டம் போட்டு ஆய்வகத் தலைவர் வில்லியம் பிக்கரிங்குக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு ஒரு நிரலர், படத்தில் ஒரு புள்ளியைச் சுட்டி ‘உன் நிறம் என்ன?’ என்று ஒரே வரியில் கேட்கிறாரே, அந்த வேலையைத்தான் க்ரம் கையால் செய்தார். ஆனால் படத்தை எண்ணாக்கும் யோசனை அவருடையதல்ல. அதற்கு எட்டு வருடம் பின்னால் போகவேண்டும்.

1957இல் அமெரிக்க அரசின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். அங்கே ‘சீயாக்’ என்றொரு கணினி இருந்தது. கணக்குப் போட மட்டுமே பிறந்த அந்த இயந்திரம் படம் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று மாதக் கைக்குழந்தையான தன் மகன் வால்டனின் புகைப்படத்தைக் கொண்டுவந்து, சுழலும் ஓர் உருளைமேல் ஒட்டினார். படம் சுமார் 5 செ.மீ. சதுரம். உருளை சுழலச் சுழல, ஒளியை உணரும் ஒரு குழாய் சின்னஞ்சிறு சதுரத் துளை வழியாக அதை இடம் இடமாகப் பார்த்தது. வெளிச்சமா, 1. இருட்டா, 0. வேறு பதில் கிடையாது.

குறுக்கே 176, நெடுக்கே 176. மொத்தம் 30,976 புள்ளிகள். அதற்குமேல் வைத்துக்கொள்ள சீயாக்கின் நினைவகத்தில் இடமில்லை. ஆனால் வெறும் கறுப்பு வெள்ளையில் குழந்தையின் கன்னம் எப்படித் தெரியும்? வெளிச்சம் எது, இருட்டு எது என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை மாற்றி மாற்றி, அதே படத்தைப் பலமுறை ஓட்டினார்கள். கிடைத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது சாம்பல் படிகள் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் புள்ளிக்குப் பெயர் இல்லை. ‘பிக்சல்’ என்ற சொல் அச்சேறியது 1965இல். க்ரம் சாக்பீஸ் தேடிப் போன அதே வருடம், அதே ஆய்வகத்தில். எழுதியவர் ஃப்ரெட் பில்லிங்ஸ்லி. தான் உண்டாக்கிய சொல் என்று அவரும் உரிமை கொண்டாடவில்லை. வேறொரு நிறுவனத்துக்காரரிடம் கேட்டது என்றார். ‘பிக்சர் எலிமென்ட்’டின் சுருக்கம், அவ்வளவுதான்.

எண்ணும் வந்தது, பெயரும் வந்தது. நிறம்? அதற்கு வழி 1861இலேயே இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த படங்களை ஒரே திரையில் ஒன்றாக வீழ்த்தினால் வண்ணம் பிறக்கும் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டனில் காட்டிவிட்டார். கணினிக்கோ நினைவகம்தான் தடை. 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயின்ட்’டில் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள், புள்ளிக்கு 8 பிட். அந்த எண் நிறத்தைச் சொல்லாது. 256 நிறங்கள் கொண்ட பட்டியலில் எத்தனையாவது என்று மட்டும் சொல்லும். பிறகு நினைவகம் மலிந்தது. சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8 என்று புள்ளிக்கு 24 பிட் ஒதுக்க முடிந்தது. 256 படிகள் மூன்று முறை பெருகினால் 1,67,77,216 நிறங்கள்.

பழைய சங்கதிகள் எல்லாம் இன்றைய நிரலிலும் உயிரோடு இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் ‘பில்லோ’ என்ற படநூலகத்தைக் கொண்டு ஒரு ஜிஃப் படத்தின் புள்ளியைக் கேட்டால், மூன்று எண்ணுக்குப் பதிலாக ‘37’ என்று ஒற்றை எண் வந்து நிற்கும். பிழை இல்லை, அது ஷூப் காலத்துப் பட்டியல் முறை. ‘ஓப்பன்சிவி’ என்ற இன்னொரு நூலகத்தில் படித்த படத்தை அப்படியே வேறொரு நூலகத்திடம் கொடுத்துக் காட்டச் சொன்னால் மனிதர்களின் முகம் நீலம் பாரித்துவிடும். அது நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ் வரிசையில் வைத்திருப்பதுதான் காரணம். புள்ளியின் இடத்தைச் சொல்வதிலும் ஒன்றில் குறுக்கு முதலில், இன்னொன்றில் நெடுக்கு முதலில். மாற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணில் தெரியும் சிவப்புச் சட்டைக்கு நிரல் பச்சை என்று ஏன் சொல்கிறது என மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். எண்ணை வாங்குமுன், யார் எந்த வரிசையில் வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எண்ணெல்லாம் படத்திலேயே இருந்ததில்லை. ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தது.

கிர்ஷே இதை ஒப்புக்கொண்டார். புள்ளியைச் சதுரமாக வெட்டியது தான் செய்த முட்டாள்தனம், உலகமே அதற்காக அவதிப்படுகிறது என்று எண்பது வயதைத் தாண்டிய பிறகு சொன்னார். சொன்னதோடு விடாமல், படத்துக்குத் தக்கபடி வெவ்வேறு வடிவில் புள்ளிகளை வெட்டும் முறையொன்றை 2010இல் எழுதி வெளியிட்டார். உலகம் மாறவில்லை. 2020இல் ஆரிகனின் போர்ட்லண்ட் நகரில் அவர் இறந்தார்.

கணினியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கடைசியில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்து நிற்கும். மூன்று மாத வால்டனின் கன்னத்தின்மேல் அவன் அப்பா போட்ட கட்டங்கள் அவை.