நிலக்கரிக் கோமகனும் நுரைச்சோலைச் சாம்பலும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகிற றோட்டிலதான் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கு. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட். அதுக்குத் தேவையான நிலக்கரி எங்கட மண்ணில இல்லை, கப்பலில வருது. இந்தக் கரியை மலிவாக்கினது யார் என்று தேடிப்போன எங்களுக்குக் கிடைத்த ஆட்களில ஒருத்தர் பிரான்சிஸ் எகர்ட்டன்.

1736இல் பிறந்தவர். 11 வயசிலேயே பிரிட்ஜ்வாட்டர் கோமகன் பட்டம் கிடைத்தது. கல்யாணப் பேச்சு ஒன்று முறிந்தபிறகு லண்டனை விட்டு வோர்ஸ்லியில் இருந்த தன் காணிக்கு வந்தார். கடைசிவரை கல்யாணமும் முடிக்கல்ல.

அந்தக் காணிக்குக் கீழே நிலக்கரி இருந்தது. ஆனா இரண்டு சிக்கல். சுரங்கத்துக்குள்ள தண்ணீர் ஊறியது. மான்செஸ்டருக்குக் கரி கொண்டுபோற கூலியும் கூட. இரண்டுக்கும் ஒரே மருந்தாக வந்தது கால்வாய். சுரங்கத்துத் தண்ணீரே கால்வாயை நிரப்பியது, அதே தண்ணீரில கரித்தோணி மிதந்தது. காணி முகாமையாளர் ஜோன் கில்பர்ட்டும் பொறியியலாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியும் கூட நின்றார்கள். 1761இல் பார்ட்டனில், ஆற்றுக்குச் சுமார் 12 மீற்றர் மேலால் கட்டிய பாலத்துக் கால்வாயில் தோணி போனது. மான்செஸ்டரில் கரி விலை ஏறக்குறையப் பாதியானது. கடனில மூழ்கிக் கிடந்த கோமகன், 1803இல் சாகும்போது பெரும் பணக்காரர்.

கால்வாயில சரக்குப் போறது எங்களுக்கும் புதுசில்லை. புத்தளம் களப்பிலிருந்து கொழும்பு வரை ஒல்லாந்தர் கால்வாய் இருக்குத்தானே.

ஆனா கதை இதோட முடியல்ல. வோர்ஸ்லி நிலத்துக்கடியில கால்வாய்கள் காலப்போக்கில சுமார் 75 கிலோமீற்றர் வரை நீண்டன. உள்ளே ஓடிய ஒடுங்கிய தோணிகளுக்கு 'பட்டினித் தோணி' என்ற பொருளில் பேர். விலா எலும்பு மாதிரி அதன் மரச்சட்டங்கள் வெளியே தெரியுமாம். பிரித்தானியச் சுரங்கங்களில பெண்களும் 10 வயசுக்குக் குறைந்த பொடியன்களும் நிலத்துக்கடியில வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது 1842இல்தான். கோமகன் செத்து 39 வருஷத்துக்குப் பிறகு.

கால்வாய்க்கு இன்றும் பிரிட்ஜ்வாட்டர் என்றுதான் பேர். கரி வெட்டின பொடியன்கள் பேர் எதிலும் இல்லை. பாதி விலைக்குக் கரி வந்ததாகச் சரித்திரம் சொல்லுது, மீதி விலையைக் கொடுத்தது அவர்கள்தான்.

காற்றுக் காலத்தில நிலக்கரித் தூசும் சாம்பலும் வீட்டிலயும் தோட்டத்திலயும் படியுது என்று நுரைச்சோலைச் சனம் கனகாலமாகச் சொல்லுது. மின்சாரத்தை நாங்க எல்லாருமே பாவிக்கிறோம். அதனால கரன்ட் பில் வரும்போது ஒரு கேள்வியை நாங்களே எங்களைக் கேட்க வேணும்: இதில எழுதாத விலையை யார் கட்டுறாங்க?